மேலிடத்துக்குக் கேட்கிற குரல்

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பச்சை விளக்கு அவள் பக்கம் திரும்பிவிட்டது.

பெரிய விஷயம் ஒன்றுமில்லைதான். மீட்டிங் அறையின் நீள மேசைக்கு நடுவே, கவிழ்த்துவைத்த தட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது அந்தக் கறுப்புக் கான்ஃபரன்ஸ் போன். அதன் விளிம்பைச் சுற்றி வளையமாக ஒரு விளக்கு. யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் மட்டும் பச்சையாக எரியும். பேசினால்தான் எரிய வேண்டும். அவள் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசித்துப் பார்க்கக் கொண்டுவந்த செய்தித்தாளை விரித்து, மூச்சை உள்ளே இழுத்திருந்தாள். அதற்குள் அந்தப் பச்சை, வளையத்தின் மறுபக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து அவளுக்கு நேராக நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிற முகம் மாதிரி.

நாற்காலி கிறீச்சிட்ட சத்தத்துக்குத் திரும்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கீச்சு. குரல் அப்படி. மெலிசாக, உயரமாக, நான்கு பேர் பேசும் இடத்தில் புகுந்தால் போன இடம் தெரியாமல் போய்விடும். கொள்முதல் பிரிவில் வேலை. பேனாவிலிருந்து ஃபேன் வரை அந்தக் கிளைக்கு எது வாங்கினாலும் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே வரும். வேலையில் கெட்டிக்காரி. ஆனால் சாயங்காலம் தலைமை அலுவலகத்தோடு நடக்கிற போன் மீட்டிங்கில் மட்டும் அவள் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

தலைமை அலுவலகத்தை அங்கே எல்லாரும் 'மேலிடம்' என்பார்கள். மேலிடம் என்றால் ஒரு டைரக்டர் அம்மாள். யாரும் நேரில் பார்த்ததில்லை. பழைய போனின் ஓட்டைகள் வழியாக வரும் சலிப்பான ஒரு குரல்தான் அவர். கீச்சு எதையாவது சொல்லி முடித்தால் அந்தக் குரல் இழுக்கும்: "யாருங்க அது பின்னாடி? ஒண்ணுமே கேக்கல. வேற யாராவது சொல்லுங்க."

வேறு யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் சித்தப்பா. கணக்குப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாருக்கும் புத்தி சொல்வதால் அலுவலகத்துக்கே சித்தப்பா ஆகிவிட்டார். கீச்சு சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் தன் வெண்கலத் தொண்டையில் திருப்பிச் சொல்வார். "அருமை! இப்படி யோசிக்கணும்!" என்று மேலிடம் குளிர்ந்துபோகும். சித்தப்பா அடக்கமாகச் சிரிப்பார். கீச்சு பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடிப்பாள்.

கொள்முதல் பிரிவின் தலைமைப் பதவி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் நேர்காணல் போனில். இரண்டு முறையும் வெளியாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "வேலை தெரியுது, ஆளு தெரியலயே" என்று மேலிடம் சொன்னதாக மேனேஜர் வந்து சொன்னார், ஏதோ நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. இப்போது மூன்றாம் முறையாக அது காலி. பழைய போனும் அந்த நேரம் பார்த்துச் செத்துப்போனது.

"நல்லதா ஒண்ணு பாத்து எடும்மா. உன் பிரிவுதானே" என்றார் மேனேஜர். அவருக்கு அது வாங்க வேண்டிய சாமான்களில் ஒன்று. அவளுக்கு அது வாழ்வா சாவா.

பட்டியலில் இருந்த ஒரு விற்பனையாளரைப் போனில் கூப்பிட்டாள். தேன் ஒழுகும் குரல் அவருக்கு. எந்தப் போனின் மைக் எவ்வளவு தூரம் இழுக்கும், எது வெளிச்சத்தத்தை வடிகட்டும் என்று அந்தக் குரல் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஆனால் மறுநாள் நேரில் வந்த ஆள் வாயே திறக்கவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். ஒடுங்கிய கன்னம், தூங்காத கண். இரண்டு பெட்டிகளைப் பிரித்து வைத்தார். மூன்றாவது பெட்டியை மட்டும் பிரிக்காமல் விரல் நுனியால் மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் சும்மா தலையாட்டிவைத்தாள். எல்லாரும் அவளிடம் செய்வது அதைத்தான்.

சோதித்துப் பார்க்கும் முறையை அவளே வகுத்தாள். சித்தப்பா மேனேஜர் அறையில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் மீட்டிங் அறையில் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து செய்தித்தாள் வாசிப்பாள்.

முதல் போனுக்குச் சித்தப்பா அங்கிருந்தே கத்தினார். "குடத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு!"

இரண்டாவதற்கு, "ஏசி நல்லா தெளிவா பேசுது கீச்சு. நீதான் கேக்கல!"

மூன்றாவது, அந்தப் பச்சை விளக்குப் போன். அதற்குச் சித்தப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. அவள் வாசித்து முடித்துக் காத்திருந்தாள். ஏசி உறுமியது. எங்கோ ஒரு நாற்காலிச் சக்கரம் உருண்டது. புது பிளாஸ்டிக்கின் சூடான வாசனையும், அதற்கடியில் யாரோ வெகுநேரம் மூச்சுவிட்ட அறையின் ஈர வாசனையும் அந்தப் போனிலிருந்து வந்தன. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு சித்தப்பாவே வந்தார்.

"நீயா பேசின?"

"பின்ன யாரு?"

"சத்தியமா நீயா? ரேடியோல செய்தி வாசிக்கிறவங்க தோத்தாங்க. எனக்கே எந்திரிச்சு நிக்கணும்போல இருந்துச்சு." காதைத் தேய்த்துக்கொண்டார். "கடைசில ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு. அதுதான் டாப்பு."

அவள் சிரிக்கவில்லை. வாசித்தது ஒரு விபத்துச் செய்தி. 'நான் எங்க சிரிச்சேன்?' என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் ஒரு மனிதர் அவளுடைய குரலைப் புகழ்வது அதுதான் முதல் தடவை. கேட்காமலே விட்டாள்.

அந்தப் போனையே ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

முதல் மீட்டிங்கிலேயே மேலிடம் பேச்சை நிறுத்தியது. "இது யாரு? புதுசா யாராவது சேந்திருக்காங்களா?"

"இல்ல மேடம், நம்ம கீச்... நம்ம கொள்முதல்தான். வருஷக்கணக்கா இங்கதான் இருக்காங்க" என்றார் மேனேஜர்.

"அப்படியா? இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?"

"இங்கயேதான் மேடம்" என்றாள் கீச்சு. அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வருடக்கணக்காக அவள் சொல்லி யாரும் காதில் போட்டுக்கொள்ளாத யோசனைகள் எல்லாம் அந்த வாரம் திடீரென்று புத்திசாலித்தனமாகிவிட்டன. சித்தப்பாவுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மீட்டிங் என்றால் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். பேசுகிறவர் போனைப் பார்த்துப் பேசுவார். கேட்கிறவர் போனைப் பார்த்துத் தலையாட்டுவார். பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பதில் சொல்வதென்றாலும் போனிடம்தான் சொல்வார்கள். மேலிடம் அதற்குள் அல்லவா இருக்கிறது. கண் வேறெங்கும் போனால் அது மரியாதைக் குறைவு என்று எப்போதோ யாரோ நினைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் டீக்கடைக்காரர் "என்ன வேணும்?" என்று அவளிடம் மறுபடி மறுபடி கேட்டார். விரலைக் காட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னாள். கண்டக்டர் அவளைத் தாண்டிப் பின்னாலிருந்தவரிடம் போனார். வீட்டில், அவளையும் குழந்தையையும் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிற அக்கா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி முணுமுணுக்கிற? வாயத் தொறந்து பேசு."

அவள் திறந்துதான் பேசினாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், 'ஆ' சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். "சொல்லுங்க" என்றார் டாக்டர். அவள் மறுபடி சொன்னாள். "பயப்படாம சொல்லுங்கம்மா." கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, "தொண்டை சுத்தமா இருக்கே. எதுவுமே இல்லியே" என்றார்.

எதுவுமே இல்லியே. வீடு வரும் வரை அந்த வார்த்தை அவளோடு நடந்து வந்தது.

அடுத்த மீட்டிங்கில் அவள் குறைவாகத்தான் பேச நினைத்திருந்தாள். மழை வரப்போகிற சாயங்காலம். ஜன்னலுக்கு வெளியே வானம் ஊமைக்காயம் மாதிரி கன்றிக் கிடந்தது. மேலிடம் ஏதோ வேலையைச் சொல்லி, "இத யாரு எடுத்துப் பண்றீங்க?" என்று கேட்டது. அறையில் வழக்கமான மௌனம். வேலை என்று வந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு நின்றுவிடும். கீச்சு தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து வாயில் சரித்திருந்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் பாத்துக்கறேன் மேடம்."

அவள் குரல்.

போனுக்குள்ளிருந்து. வட்டமாக, ஈரமாக, இதமாக. விளக்கு அவளைப் பார்த்துப் பச்சையாக எரிந்தது. அவள் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. மோவாயில் தண்ணீர் வழிந்தது.

"வெரி குட். ஞாயித்துக்கிழமையும் வர வேண்டியிருக்கும்."

"அதனால என்ன மேடம். எனக்கு வேற என்ன வேலை?"

கீச்சு சுற்றிலும் பார்த்தாள். மேனேஜர் போனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும். ஒரு தலை, ஒரே ஒரு தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் போதும், மூடிய அவள் வாயைப் பார்த்திருக்கலாம். ஒன்றும் திரும்பவில்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா சிரித்த முகத்தோடு வந்தாள். "மத்தியானம் நீ போன் பண்ணினது நல்லதாப் போச்சு. பாப்பா உன் கதையக் கேட்டுக்கிட்டே ஒரு பருக்கை மிச்சம் வைக்காம தின்னுடுச்சு. எங்கேருந்துடி வந்துச்சு உனக்கு இவ்ளோ பொறுமை? தினமும் பண்ணு."

அவள் மத்தியானம் யாருக்கும் போன் செய்யவில்லை.

நான்கு வயது பாப்பா அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நரி அப்புறம் எங்க போச்சும்மா?" என்றது. எந்த நரி? "நீ சொல்லு" என்றாள் கீச்சு. குழந்தை அவள் வாயையே பார்த்தது. பிறகு காதை அவள் உதட்டோடு ஒட்டவைத்துக்கொண்டு காத்திருந்தது. சற்று நேரத்தில் அலுத்துப்போய் இறங்கிப் போய்விட்டது.

காலையில் முதல் வேலையாக விற்பனையாளரை அழைத்தாள்.

"சொல்லுங்க மேடம்!" தேன்குரல்.

"அந்த மூணாவது போன எடுத்துட்டுப் போயிடுங்க." சொல்லிவிட்டு, சட்டென்று, "நான் பேசுறது கேக்குதா உங்களுக்கு?" என்றாள்.

"போன்ல எப்பவுமே நல்லா கேக்கும் மேடம். ஏன், மேலிடத்துல சந்தோஷம்தானே?"

மேலிடம் என்று அவர்கள் அழைப்பது இவருக்கு எப்படித் தெரியும்? அவள் பேச்சை மாற்றினாள். "உங்க தொண்டை சரியாயிடுச்சா?"

அந்தப் பக்கம் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், குரலுக்குப் பின்னால், தள்ளி எங்கோ, பலகையில் உள்ளங்கையால் அறையும் சத்தம் கேட்டது. மடார். மடார். நிற்காமல். அதோடு கூடவே ஒரு தேய்ந்த இரைப்பு, ஊதிய பலூனின் வாயைக் கொஞ்சம் விட்ட மாதிரி.

"பின்னாடி யாரு?" என்றாள்.

"கட்டட வேலை நடக்குது மேடம். கண்டுக்காதீங்க." குரல் கனிவாக இருந்தது. "போகப்போகப் பழகிடும்."

வைத்துவிட்டாள். மேனேஜர் அறைக்கு ஓடினாள். சொன்னாள். அவர் காதருகே கையைக் குவித்தார். கத்தினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தொண்டை சரியில்லன்னா எழுதித் தொலையேம்மா" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். 'இந்தப் போன் வேண்டாம்' என்று எழுதினாள்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "வெளையாடுறியா? காலைல மேலிடத்துக்கு நீயே போன் போட்டு, 'இதையே வாங்கிடலாம், இத விட்டா நல்லது கெடைக்காது'ன்னு அடிச்சுப் பேசினியாமே? அவங்க சரின்னுட்டாங்க. காசும் போயாச்சு."

'நான் பேசவே இல்லை' என்று எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழித்தது.

"ஆமா, தொண்டை கட்டியிருக்கும்போதே இவ்ளோ பேசுற. சரியா இருந்தா எங்கள வித்துடுவ." அவர் குரலைத் தாழ்த்தினார். "கேளு. இன்னிக்கு சாயங்காலம் நேர்காணல். இந்தத் தடவை உனக்குத்தான், அவங்களே ஜாடையா சொல்லிட்டாங்க. நீயே கெடுத்துக்காத."

மத்தியானம் அவள் மீட்டிங் அறையில் தனியாக நின்றாள். போனின் ஒயர் மேசையின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிச் சுவருக்குப் போயிருந்தது. குனிந்து பிடித்தாள். சூடாக இருந்தது, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி. ஒரு இழுப்பு போதும். விரல்கள் இறுகின. அவளுக்கு வெளியாட்கள் இருவரும் நினைவுக்கு வந்தார்கள். முதல் ஆளுக்குக் கொள்முதல் ஆணை எப்படி எழுதுவதென்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாம் ஆள் அவளை டீ வாங்கிவரச் சொன்னார். 'ஆளு தெரியலயே.' நேர்காணல் முடியட்டும். பதவி உறுதியாகட்டும். பிறகு இந்தச் சனியனைப் பிடுங்கித் தெருவில் எறியலாம். ஒரே ஒரு சாயங்காலம்தானே. குரல் யாருடையதாக இருந்தால் என்ன, நாற்காலி அவளுடையது.

ஒயரை விட்டாள்.

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை இன்னும் விழவில்லை. டியூப் லைட்டின் ரீங்காரம், ஏசியின் உறுமல், யாரோ காலைத் தரையில் தட்டும் தாளம், இவற்றுக்கு நடுவே மேலிடம் முதல் கேள்வியைக் கேட்டது. கீச்சு உதட்டைப் பிரித்தாள். பதில் ஏற்கனவே போய்க்கொண்டிருந்தது. அழகான பதில். அவள் பல வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில். அடுத்த கேள்வி. அதற்கும். அவள் எழுதாத கணக்குகள், அவளுக்குத் தெரியாத பெயர்கள். மேலிடம் சிரித்தது. குரலும் கூடச் சிரித்தது.

"குடும்பம் இருக்கே, சமாளிச்சுடுவீங்களா?"

"குழந்தையா மேடம்? அவகிட்ட தினமும் நான்தான் பேசுறேன். அவளுக்கு என் குரல் போதும்."

கீச்சு எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அது நான் இல்ல" என்றாள். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, போனுக்கு ஒரு சாண் உயரத்தில் வாயை வைத்து, நரம்பு புடைக்க, "அது நான் இல்ல! அது நான் இல்ல!"

விளக்கு அவளுக்கு நேராகத்தான் எரிந்தது. பச்சை.

"என்ன சத்தம் அது?" என்றது மேலிடம். "உஸ்ஸுன்னு. உங்க ஏசியா?"

மேனேஜர் ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தார். அவர் கண் போனிலேயே இருந்தது.

கீச்சு அலறினாள்.

"ம், இப்ப பரவால்ல" என்றது மேலிடம். "சரி, நான் சுத்தி வளைக்கல. பதவி உங்களுக்குத்தான்."

"ரொம்ப நன்றி மேடம்" என்றது அவள் குரல். தழுதழுத்தது. அவள் எப்படித் தழுதழுப்பாளோ அப்படியே.

கைதட்டல். போனைப் பார்த்து.

அவள் மேசைக்கடியில் விழுந்தாள். ஒயரைச் சுற்றிப் பிடித்தாள். இழுத்தாள். பிய்ந்து வந்தது.

விளக்கு அணைந்தது. அறை அடங்கியது. முதல்முறையாகத் தலைகள் நிமிர்ந்தன. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்து நின்றாள். இப்போது. இப்போது பார்ப்பார்கள். சித்தப்பாவின் கண்கள் அவள் பக்கம் வந்தன. வந்து, அவளைக் கடந்து, விழுந்து கிடந்த நாற்காலியில் நின்றன.

"லைன் போயிடுச்சா?"

மேனேஜரின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், லைன் கட்டாயிடுச்சு. நான் இதுலயே பேசுறேன்" என்றது அவள் குரல்.

மேனேஜர் செல்போனை மேசை நடுவில் வைத்தார். எல்லாக் கண்களும் அங்கே குனிந்தன. "வாழ்த்துக்கள் கீச்சு!" என்றார் சித்தப்பா, செல்போனைப் பார்த்து, உண்மையான சந்தோஷத்தோடு. "ஆனா இனிமே கீச்சுன்னு கூப்பிட முடியாதே!"

அது சிரித்தது.

அவள் ஓடினாள். படிக்கட்டு. தெரு. மழை விழ ஆரம்பித்திருந்தது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒருவர் வந்து ஈரமான பையை அவள் மடிமீது வைத்துவிட்டு, நிம்மதியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அந்த முகத்தைப் பார்த்துக் கத்தினாள். அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடினார்.

பாப்பா. பாப்பாவுக்குத் தெரியும். அவள் வயிற்றில் இருந்தபோதே இந்தக் குரலைக் கேட்ட குழந்தை. யார் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. மாடியில் அக்கா கொடியிலிருந்து துணிகளை உருவும் சத்தம். முன்னறையில் விளக்கு எரிந்தது. பாப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் முன்னே அக்காவின் செல்போன், திரை வெளிச்சத்தோடு.

"...அந்த நரி திரும்பிப் பாத்துச்சாம்" என்றது செல்போன். "பாத்தா, பின்னாடி யாருமே இல்லியாம்."

கீச்சு வாசலில் மண்டியிட்டாள். நனைந்த முடி முகத்தில் ஒட்டியிருந்தது. "பாப்பா" என்றாள்.

குழந்தை நிமிர்ந்தது. நேராகப் பார்த்தது. அவளைத்தான். அவள் கண்ணைத்தான். கீச்சுவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"என்னடா கண்ணு?" என்றது செல்போன்.

"கதவு ஆடுதும்மா" என்றது பாப்பா. "காத்து."

"சாத்திட்டு வாடா தங்கம். குளிரும்ல."

பாப்பா எழுந்தது. பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டது. சின்னக் கால்கள் தரையில் பத், பத் என்று வந்தன. கீச்சு கைகளை விரித்தாள். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் கூட்டி, கண்ணில் நீர் தெறிக்க, தொண்டை கிழிய, குழந்தையின் முகத்துக்கு நேராக அதன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

குழந்தையின் நெற்றி முடி பறந்தது.

அது கண்ணைச் சுருக்கிக்கொண்டது, எதிர்க்காற்றில் நடப்பவர்கள் சுருக்குவது போல. பிறகு இரண்டு உள்ளங்கையையும் கதவில் பதித்து, நாக்கு நுனியைத் துருத்திக்கொண்டு, இருந்த பலமெல்லாம் கூட்டித் தள்ளியது.